ஒற்றைக் காலில் 5,373 கிலோமீட்டர்

மக்களே, ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம்.

மதுரையில் இருந்து திருமங்கலம் சுமார் 20 கிலோமீட்டர். போய்த் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம். பைக்ல போயிட்டு வந்தாலே முதுகு வலிக்குதுன்னு சொல்ற ஆளுங்க நாம. இப்போ அந்தத் தூரத்தை நீங்க ஓடணும். இன்னைக்கு மட்டும் இல்ல, நாளைக்கும் ஓடணும், அதுக்கு மறுநாளும் ஓடணும். அப்படியே 143 நாள். இன்னும் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு இடது கால் மட்டும்தான் சொந்தக் கால். வலது கால் முழங்காலுக்கு மேலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் மாட்டியிருப்பது செயற்கைக் கால்.

முடியுமா? ஒருவர் ஓடினார். 1980-இல், 21 வயதில். அதாவது நம்ம ஃபைனல் இயர் வயசு. அவர் ஓடிய மொத்தத் தூரம் 5,373 கிலோமீட்டர். நம்ம ஊர் வழியாகப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகர் வரைக்கும் ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர்தான். ஸ்ரீநகரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, டெல்லியையும் தாண்டித் தெற்கே வந்திருந்தால்தான் இந்தக் கணக்கு வரும்.

அவர் பெயர் டெரி ஃபாக்ஸ். கனடாக்காரர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க ஓடியவர். அந்த நோயாலேயே இறந்தவர். நம்ம ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கிற விழிப்புணர்வு ஓட்டங்களில் டி-ஷர்ட், வாழைப்பழம், மெடல் எல்லாம் வாங்கிவிட்டு, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போகிற நமக்கு இவர் கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு. அதான் இந்தக் கட்டுரை.

ஒரு சீசன், ஒரு நிமிடம்

1958 ஜூலை 28-இல் வினிபெக் நகரத்தில் பிறந்தார் டெரி. அப்பா ரயில்வே ஊழியர். நான்கு பிள்ளைகளில் இவர் இரண்டாவது. பிறகு குடும்பம் நாட்டின் மேற்குக் கரைக்கு, வான்கூவர் பக்கத்தில் இருக்கும் போர்ட் கோக்விட்லாம் என்ற ஊருக்குக் குடிபோனது.

பையனுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். ஆனால் ஆளோ குள்ளம், ஆட்டமும் சுமார்தான். எட்டாம் வகுப்பில் பள்ளி அணியில் கடைசி ஆளாக இருந்தார். அந்த சீசன் முழுக்க அவரைக் களத்தில் இறக்கியது ஒரே ஒரு நிமிடம். உனக்கு ஓட்டம்தான் சரிவரும் என்று பயிற்சியாளர் சொல்லிப் பார்த்தார். டெரி ஓட்டத்திலும் சேர்ந்தார், பந்தையும் விடவில்லை. விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுத்தார். இரண்டு வருடத்தில் அதே விளையாட்டில் முதல் வரிசை ஆட்டக்காரர். பள்ளியை முடிக்கும்போது ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருதை நண்பர் டக் ஆல்வர்டோடு பகிர்ந்துகொண்டார். இந்த டக்கை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருவார்.

அப்புறம் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம். படிப்பு உடல் இயக்கவியல். உடற்பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்பது ஆசை. அங்கேயும் அணியில் இடம் பிடித்தார்.

சாதாரண முழங்கால் வலி

1976 நவம்பரில் டெரி ஓட்டிப்போன கார் முன்னால் போன ஒரு வண்டியின் பின்புறம் மோதியது. கார் நொறுங்கினாலும் ஆளுக்குப் பெரிய அடி இல்லை, வலது முழங்கால் மட்டும் வலித்தது. டிசம்பரில் அந்த வலி திரும்ப வந்தது. சீசன் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போட்டார். நாமளும் அதைத்தானே செய்வோம்? செமஸ்டர் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்னு சொல்ற அதே கதை.

1977 மார்ச்சில் வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனார். எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. இது பெரும்பாலும் வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் முழங்கால் பக்கத்து எலும்பில் வருவது. விபத்தால்தான் கால் பலவீனமாகி நோய் வந்தது என்று டெரி கடைசிவரை நம்பினார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் மருத்துவர்கள் கருத்து.

மார்ச் 9-இல் வலது காலை முழங்காலுக்குச் சில அங்குலம் மேலே வெட்டி எடுத்தார்கள். அப்போது வயது 18. அதற்கு முந்தின நாள் இரவு அவருடைய பழைய பயிற்சியாளர் ஒருவர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் ட்ராம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. மறுநாள் காலை இழக்கப் போகிறவர் அந்த இரவில் படித்தது அதைத்தான்.

பதினைந்தா, ஐம்பதா?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு 16 மாதம் மருந்துச் சிகிச்சை. நம்ம ஊர்ல கீமோன்னு சொல்றோமே, அதுதான். முடி கொட்டியது, வாந்தி வந்தது. ஆனால் அவரை உலுக்கியது பக்கத்துப் படுக்கைகள்தான். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் வலியில் கத்துவதைக் கேட்டார். நேற்றுப் பேசிய ஆள் இன்று படுக்கையில் இல்லை என்பதையும் பார்த்தார்.

அந்த நாட்களில் அவர் தெரிந்துகொண்ட ஒரு கணக்குதான் இந்தக் கதையின் மையம் என்று எனக்குப் படுகிறது. அவருக்குப் பிழைக்க 50 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டே வருடம் முன்னால் இதே நோய் வந்திருந்தால் அந்த வாய்ப்பு 15 சதவீதம்தான். அந்த ஆஸ்டியோசார்கோமா மாறவில்லை, கத்தியும் மாறவில்லை. இடையில் வந்தது மருந்து. அந்த மருந்தை யாரோ முகம் தெரியாத ஆட்கள் ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்கள். யாரோ முகம் தெரியாத ஆட்கள் அதற்குப் பணம் கொடுத்திருந்தார்கள்.

அப்படியென்றால் நாம் இன்று கொடுக்கிற பணம், இன்னும் நோயே வராத ஒருவரைப் பத்து வருடம் கழித்துக் காப்பாற்றும். டெரி ஏன் மருத்துவமனைக் கட்டிடத்துக்கோ தன் சிகிச்சைக்கோ கேட்காமல், ஆராய்ச்சிக்கு மட்டும் என்று கேட்டார் என்பதற்கு இதுதான் காரணம்.

காலும் எந்திரமும்

மெக்கானிக்கல் மக்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. அன்றைய செயற்கைக் கால் நடப்பதற்காகச் செய்யப்பட்டது. இன்று பாராலிம்பிக்கில் பார்க்கிறோமே, வளைந்த கார்பன் ஃபைபர் தகடு, அதெல்லாம் அப்போது புழக்கத்தில் இல்லை. முழங்கால் மூட்டுக்குக் கீழே உள்ள பகுதி பின்னால் மடங்கினால், அது திரும்ப முன்னால் வந்து நேராக நிற்க நேரம் எடுக்கும். நடக்கும்போது அந்தத் தாமதம் தெரியாது. ஓடும்போது தெரியும். எந்திரக் கால் வந்து சேர்வதற்குள் உடம்பு கீழே விழுந்துவிடும்.

டெரி கண்ட வழி, நல்ல காலால் இரண்டு முறை குதிப்பது. இடது கால் ஒரு தப்படி, அதே காலால் இன்னொரு குதி, அதற்குள் செயற்கைக் கால் முன்னால் வந்துவிடும். அந்தக் காலத்து வீடியோவைப் பார்த்தால் அந்தத் தாளம் கண்ணில் நிற்கும். ஆனால் இதற்கு விலை உண்டு. இடது காலுக்கு இரட்டைச் சுமை. வலது பக்கம் வெட்டுப்பட்ட தொடை, கிண்ணம் போன்ற குழிக்குள் ஒவ்வொரு அடிக்கும் இடித்து உரசும். தோல் பிய்ந்து ரத்தம் வரும், கட்டி கட்டும். கொஞ்ச நேரம் ஓடினால் மரத்துவிடும் என்று தொடர்ந்து ஓடுவார்.

1979 பிப்ரவரியில் பயிற்சியை ஆரம்பித்தார். யாரும் பார்க்காத இருட்டு நேரத்தில் முதலில் அரை மைல் ஓடினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினார். ஒரு கட்டத்தில் 101 நாள் இடைவெளி இல்லாமல் ஓடி, அம்மா கெஞ்சிய பிறகு கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒரு நாள் லீவு விட்டார். பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த ஒரு நீண்ட தூரப் போட்டியில் கடைசி ஆளாக வந்தார். அந்தப் போட்டி முடிந்த பிறகுதான் வீட்டில் தன் திட்டத்தைச் சொன்னார். கனடாவின் கிழக்குக் கடலில் இருந்து மேற்குக் கடல் வரை ஓடப் போகிறேன் என்று. அம்மா வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டார். அப்பா, எப்போது கிளம்புகிறாய் என்று மட்டும் கேட்டாராம்.

ஒரு ஆள், ஒரு டாலர்

கனடியப் புற்றுநோய்ச் சங்கம் முதலில் பெரிதாக நம்பவில்லை. உடல் தகுதிச் சான்றும் ஸ்பான்சர்களும் கொண்டுவா என்றது. ஒரு கம்பெனி வேன் கொடுத்தது, ஒன்று எரிபொருள், ஒன்று ஷூ. தங்கள் பொருளுக்கு விளம்பரம் செய்யச் சொன்னவர்களை டெரி திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஓட்டத்தில் யாரும் லாபம் பார்க்கக்கூடாது என்பது அவர் வைத்த விதி.

1980 ஏப்ரல் 12. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். இரண்டு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டார். அதில் ஒன்றை மேற்குக் கரையில் பசிபிக் கடலில் ஊற்ற வேண்டும் என்பது ஆசை. வேனை ஓட்டியது நண்பர் டக். இந்த ஓட்டத்துக்கு நம்பிக்கையின் மாரத்தான் என்று பெயர்.

முதல் வாரங்களில் காற்று, மழை, பனி. ரோட்டில் ஆளே இல்லை. சில ஊர்களில் பெரிய வரவேற்பு, சில ஊர்களில் யாருக்கும் இவர் வருவதே தெரியாது. க்யூபெக் மாகாணம் பிரெஞ்சு பேசும் பகுதி, இவர்களுக்கோ அந்த மொழி சரியாக வராது. அங்கே பணமும் சேரவில்லை, கார்காரர்கள் ரோட்டை விட்டு ஒதுங்கு என்று ஹாரன் அடித்தார்கள். களைப்பில் டெரிக்கும் டக்குக்கும் சண்டை முற்றி, ஒரே வேனில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். சமாதானம் செய்ய 17 வயதுத் தம்பி டாரல் வந்து சேர வேண்டியிருந்தது. மகான் கதை எதிர்பார்த்தீங்கன்னா மன்னிச்சுக்கங்க. டெரி சட்டென்று கோபப்படுகிற, பிடிவாதம் பிடித்த, டாக்டரிடம் போக மறுத்த 21 வயசுப் பையன்.

நியூஃபவுண்ட்லாந்தில் போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்ன ஊர். மக்கள்தொகை சுமார் 10,000. அந்த ஊர் கொடுத்தது 10,000 டாலர். ஆளுக்கு ஒரு டாலர்! டெரியின் மனதில் இருந்த இலக்கும் அப்படித்தான் வளர்ந்தது. முதலில் 10 லட்சம் டாலர், பிறகு ஒரு கோடி, கடைசியில் கனடாவின் 2.4 கோடி பேரிடமும் ஆளுக்கு ஒரு டாலர். அன்றைய தமிழ்நாட்டில் பாதி அளவுதான் மொத்தக் கனடாவின் மக்கள்தொகை. பணக்காரரிடம் பெரிய செக் வாங்குவதைவிட, எல்லோரிடமும் ஒரு நாணயம் வாங்குவது பெரிய வேலை. நம்ம ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது மாதிரி. கொடுத்தவன் எல்லாம் அதில் பங்காளி.

ஒண்டாரியோ மாகாணத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. மகனைப் புற்றுநோயில் இழந்த ஒரு ஓட்டல் நிறுவனத் தலைவர் இசடோர் ஷார்ப், தங்க இடம் கொடுத்ததோடு மைலுக்கு 2 டாலர் தருவதாக அறிவித்து, மற்ற நிறுவனங்களையும் கேட்டார். ஜூலை 11-இல் டொராண்டோவில் 10,000 பேர் திரண்டார்கள். அன்று ஒரு நாளில் மட்டும் ஒரு லட்சம் டாலர். ஆனால் டெரி மறக்காத நாள் வேறு. அவரைப் போலவே புற்றுநோயால் ஒரு காலை இழந்த 10 வயதுப் பையன் ஒருவன், அவர் பின்னாலேயே சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்த நாள்.

கூட்டம் முடியும் வரை

செப்டம்பர் 1. தண்டர் பே நகரத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. நெஞ்சில் வலி. ஆனால் ரோட்டோரத்தில் ஆட்கள் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கும்போது நிற்க அவருக்கு மனசு வரவில்லை. கூட்டம் முடிந்து, யாருமே இல்லாத இடம் வரும் வரை ஓடினார். பிறகு வேனில் ஏறி, ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார்.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை சேர்ந்த பணம் 17 லட்சம் டாலர். பாதியில் நின்றுபோன ஓட்டம். பாட்டில் தண்ணீர் பசிபிக்கைத் தொடவில்லை.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். ஒரே வாரத்தில் ஒரு தொலைக்காட்சி நடத்திய நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல் வந்து விழுந்தது. 1981 பிப்ரவரியில் மொத்தத் தொகை 2 கோடியே 41 லட்சத்தைத் தாண்டியது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நேராகிவிட்டது. அதை உயிரோடு இருந்து பார்த்தார். 1981 ஜூன் 28-இல், 23-ஆவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், இறந்தார்.

அந்த செப்டம்பரில் நடந்த முதல் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். இன்றுவரை அது பல நாடுகளில் நடக்கிறது. அதில் முதல் பரிசு கிடையாது, நேரம் குறிப்பது கிடையாது. ஓடலாம், நடக்கலாம், வீல்சேரில் வரலாம். இதுவரை சேர்ந்தது 80 கோடி டாலருக்கும் மேல். அவருக்கு வந்த அதே எலும்புப் புற்றுநோய்க்கு இன்று பெரும்பாலானவர்களுக்குக் காலை வெட்டுவதில்லை. நோய் பிடித்த எலும்புத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்துகிறார்கள்.

நம்ம ஊரில் ஒரு உண்டியல்

இது கனடாக் கதை, நமக்கென்னன்னு கேட்கலாம். நமக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலியில்தான் நிதி திரட்ட ஆரம்பித்தார். சாகப் போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்ட காலம் அது. 1952-இல் அடிக்கல், 1954-இல் வெறும் 12 படுக்கையோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அங்கே 1950-களிலேயே வந்து சேர்ந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி எங்கிருந்து வந்தது தெரியுமா? கனடா கொடுத்தது.

என் பெரியம்மாவுக்கு இங்கே பாலரெங்காபுரம் ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கும்போது நான் துணைக்குப் போயிருந்தேன். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம்ம மக்கள் வச்ச பேரு அதுதான். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் இருந்தெல்லாம் வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கையில் ஃபைலும் தூக்குவாளியுமாக. உள்ளே ஓடுகிற எந்திரத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஒரு ரூபாய் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோணவில்லை. டெரியைப் பற்றிப் படித்த பிறகுதான் தோணியது.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அடுத்த முறை வாட்ஸ்அப் குரூப்ல ரன் ரிஜிஸ்ட்ரேஷன் லிங்க் வந்தா, டி-ஷர்ட் சைஸ் கேட்கிறதுக்கு முன்னாடி, கட்டுற பணம் எங்கே போகுதுன்னு கேளுங்க. பதில் வந்தா சந்தோஷமா ஓடுங்க. வரலைன்னா, ஆளுக்குப் பத்து ரூபாய் நம்ம டிபார்ட்மெண்டிலேயே சேர்த்து நேரே அனுப்பலாம். நானே முதல் ஆளாப் பத்து ரூபாய் எடுத்து வச்சிருக்கேன்.

தண்டர் பேயில் அவர் நின்றுபோன இடத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஓடுகிற டெரி. மேற்கே, இன்னும் ஓடாத தூரத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.